தாயில்லாக் குட்டிக்கு முதலில் பால் அல்ல, சூடு

மழைநீர் வடிகால் ஓரத்தில் கிடந்த பூனைக்குட்டி அது. இரண்டு இமைகளும் மஞ்சள் பீளையில் ஒட்டியிருந்தன. வாய்க்குள் விரல் வைத்தால்கூடச் சில்லென்று இருந்தது.

அந்த நிலையில் பால் புகட்டவே கூடாது. உடம்பு குளிர்ந்திருந்தால் பால் செரிக்காது, மூச்சுக்குழாய்க்குள் போகவும் வாய்ப்புண்டு. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தேன். சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் வேண்டுமே. பாதம் கதகதப்பான பிறகுதான் பால்.

பசும்பால் வேண்டவே வேண்டாம், பேதியாகும். அந்தச் சின்ன உடம்பு அதைத் தாங்காது. பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால் பவுடரைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தேன். குட்டி குப்புறப் படுத்தபடியேதான் குடிக்க வேண்டும், மல்லாத்திப் புகட்டினால் புரையேறிவிடும். ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் வாலுக்கு அடியில் மெல்லத் தடவிவிட்டால்தான் மூத்திரமும் மலமும் போகும். தாய்ப்பூனை நக்கிவிடுவது அதற்காகத்தான்.

கண்ணில் பீளையைப் பிய்த்து எடுக்காதீர்கள். கொதித்து ஆறிய நீரில் நனைத்த பஞ்சைக் கொஞ்ச நேரம் இமைமேல் வைத்திருந்தால் ஊறித் தானே கழன்றுவிடும். அதன்பிறகு கால்நடை மருத்துவர் தந்த களிம்பைப் போட்டு வந்தேன், வீக்கம் வடிந்து கண் திறந்தது. வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள், பூனைக்கு அது விஷம்.

தினமும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். நாளுக்கு 10 கிராமாவது கூட வேண்டும். எடை இறங்கினால் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.