கத்தரிக்கோலைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

பட்ஜெட் வந்த மறுநாள், புதிதாகக் கார்ட்டூன் போடத் தொடங்கியவர்கள் சிலர் தங்கள் படங்களை எனக்கு அனுப்புவார்கள். இந்த முறை அரசின் செலவுக் குறைப்பைப் பற்றிப் பதினொன்று வந்தன. எட்டில் கத்தரிக்கோல், இரண்டில் கோடாலி. கோபம் வரவில்லை, என் பழைய கட்டுகளைப் பிரித்தாலும் அதுதான் இருக்கும். மூக்கு சரியாக வராதது, மை தீற்றியது எல்லாம் வரைய வரையச் சரியாகும். அதை விடுங்கள். தானாகச் சரியாகாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

கணக்கைப் படிக்காமல் பேனாவை எடுப்பது

இது எனக்கு இன்னும் ஆறாத எரிச்சல். பல வருஷத்துக்கு முன்பு, அமைச்சர் ஒருவர் பள்ளிக்கூடக் கூரையைக் கத்தரித்து மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டு போவதாகப் போட்டேன். நல்ல படம், இப்போதும் சொல்வேன். மறுநாள் துறையிலிருந்து மறுப்பு வந்தது: போன வருஷம் நூறு என்றால் இந்த வருஷம் நூற்று மூன்று ஒதுக்கியிருக்கிறோம், வெட்டு எங்கே? பத்திரிகை திருத்தம் போட்டது. அப்புறம் மூன்று மாதம், எந்தப் படத்தைக் கொடுத்தாலும் ஆசிரியர் "கணக்குப் பார்த்தாயா?" என்றுதான் வாங்கினார்.

இத்தனைக்கும் நான் சொன்னது பொய்யில்லை. விலைவாசி 6 சதவீதம் ஏறினால், இந்த வருஷத்து 103-க்கு வாங்க முடிவது போன வருஷம் 97-க்குக் கிடைத்த சரக்குதான். குறைப்பு நடந்தது, ஆனால் யாரும் எதையும் கத்தரிக்கவில்லை. நான் கத்தரிக்கோலை வரைந்துவைத்தேன்.

எப்படிப் போட்டிருக்க வேண்டும்? பையன் வளர்ந்துவிட்டான், சட்டை போன வருஷ அளவு. பித்தான் தெறிக்கிறது, கை முழங்கைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது. அமைச்சர் டேப்பை வைத்து அளந்து, "அரை அங்குலம் கூட்டித்தானே தைத்திருக்கிறோம்" என்கிறார். அவர் சொல்வது உண்மை. இதற்கு மறுப்பு எழுதட்டும் பார்க்கலாம்.

இன்னொரு கண்ணி, எதோடு ஒப்பிடுகிறோம் என்பது. போன பட்ஜெட்டில் அறிவித்த தொகை ஒன்று, வருஷக் கடைசியில் திருத்திய மதிப்பீடு இன்னொன்று. அறிவித்ததில் பாதியைச் செலவழிக்காமல் விட்டிருந்தால், திருத்திய மதிப்பீட்டோடு பார்க்கும்போது புது ஒதுக்கீடு பிரமாதமான ஏற்றமாகத் தெரியும். அரசு தனக்கு வசதியானதைத்தான் சொல்லும். நான் இப்போதெல்லாம் எந்த எண்ணோடு எந்த எண்ணை ஒப்பிடுகிறேன் என்று தாளின் மூலையில் பென்சிலால் எழுதிவிட்டுத்தான் முதல் கோட்டைப் போடுகிறேன்.

அடிபட்டவரைப் பார்த்துச் சிரிக்க வைப்பது

துருத்திய எலும்பு, ஒழுகும் மூக்கு, பிச்சைப் பாத்திரம். வாசகர் யாரைப் பார்த்துச் சிரிப்பார்? பிரிட்டனில் ஜேம்ஸ் கில்ரே 1797-ல் இங்கிலாந்து வங்கியை ஒரு கிழவியாக வரைந்தார். உடுத்தியிருப்பது பண நோட்டாலான கவுன், உட்கார்ந்திருப்பது பூட்டிய பெட்டிமேல். பிரதமர் பிட் அவளைக் கொஞ்சுகிற சாக்கில் பைக்குள் கையை விடுகிறார். கிழவி அலறுகிறாள், ஆனால் நம் கண் போய் நிற்பது பிட்டின் கையில். அந்த வங்கிக்குக் கிழவி என்ற செல்லப்பெயர் இன்றைக்கும் இருக்கிறது.

கோடாலி

1922-ல் பிரிட்டனில் எரிக் கெட்டிஸ் குழு செலவுக் குறைப்பைப் பரிந்துரைத்தபோதே அதற்குக் 'கெட்டிஸ் கோடாலி' என்று பெயர் விழுந்துவிட்டது. நூறு வருஷமாக வெட்டியதில் முனை மழுங்கிப்போயிற்று.

பன்றி உண்டியல்

வேண்டாம்.

எல்லாவற்றின்மேலும் பெயர் எழுதுவது

அமைச்சர் கோட்டில் 'அரசு', கல்லில் 'கடன்', கல் விழும் ஆளின்மேல் 'மக்கள்'. இரண்டுக்கு மேல் சீட்டு ஒட்டத் தோன்றினால் படத்தை மாற்றுங்கள்.

சரி, அந்தப் பதினோராவது படம். அதில் ஆயுதமே இல்லை. நூலக வாசலில் 'திறந்திருக்கிறது' என்ற பலகை, உள்ளே ஒரே ஒரு பல்பு, அதன் கீழே நீண்ட வரிசை. முன்னால் நிற்பவர் ஒரு பக்கம் படித்துவிட்டுப் புத்தகத்தைப் பின்னால் கொடுக்கிறார். கீழே 'நிதிக்குறைப்பு' என்று எழுதியிருந்ததை மட்டும் அழிக்கச் சொன்னேன்.