பிரசவத்தில் குழந்தைக்கு அடிபட்டதா? கேஸ் ஷீட் வாங்குவதிலிருந்து வழக்கு வரை

என் மகளுக்குப் பிரசவத்தின்போது வலது கை நரம்பு இழுபட்டுவிட்டது. வீட்டுக்கு வந்த மறுநாள் குளிப்பாட்ட வந்த ஆயாதான் முதலில் கவனித்தார். தண்ணீர் பட்டதும் குழந்தை திடுக்கிட்டு இடது கையை மட்டும் தூக்கியது, வலது கை உள்ளங்கை பின்பக்கம் திரும்பி உடம்போடு ஒட்டிக் கிடந்தது. தலை வந்தபின் தோள் மாட்டிக்கொள்ளும் பிரசவங்களில் வரும் இதற்கு எர்ப்ஸ் பால்சி என்று பெயர். பல குழந்தைகளுக்குத் தானாகவே சரியாகிவிடும், எங்கள் குழந்தைக்கு ஆகவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. எதை முதலில் செய்ய வேண்டும் என்று அன்று யாரும் சொல்லித்தரவில்லை, அதனால் எழுதுகிறேன். தனியார் ஆஸ்பத்திரியில் பணம் கட்டிப் பிரசவம் பார்த்தவர்களுக்கான வழி இது.

வழக்கைவிடச் சிகிச்சை அவசரம். பிசியோதெரபியை உடனே ஆரம்பியுங்கள். மூன்று மாதமாகியும் குழந்தை முழங்கையை மடக்கவில்லை என்றால் இந்த நரம்புக்கு ஆபரேஷன் செய்யும் நிபுணரிடம் காட்டுங்கள், ஒரு வயதைத் தாண்ட விடாதீர்கள். ஒவ்வொரு பில்லையும், ஆட்டோ செலவு உட்பட, தேதி போட்டு வையுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அடுத்தது கேஸ் ஷீட். நான் தடுக்கி விழுந்தது இங்கேதான். "ரெக்கார்டு வேண்டும்" என்று வாயால் கேட்டேன், இரண்டு பக்க டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுத்தார்கள், அதுதான் எல்லாம் என்று நம்பி எட்டு மாதம் ஓட்டினேன். அதில் "நார்மல் டெலிவரி, தாயும் சேயும் நலம்" என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. நமக்கு வேண்டியது முழு உள்நோயாளிக் கோப்பு. எழுத்தில் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதே விதிப்படி மூன்று வருடம்தான் பாதுகாக்க வேண்டும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

கடிதத்தில் "எல்லா ஆவணங்களும்" என்று பொதுவாக எழுதாமல் பெயர் சொல்லிக் கேளுங்கள்: பிரசவம் முன்னேறிய விதத்தைக் குறிக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிந்த சிடிஜி தாள், நர்ஸ் குறிப்புகள், மருந்து ஏற்றிய நேரங்கள், சம்மதப் படிவம், பிறந்தவுடன் குழந்தையின் நிலையைப் பார்த்துப் போடும் ஆப்கார் மதிப்பெண், கடைசி ஸ்கேனில் குழந்தையின் எடை. தேதியும் விதியும் போட்டு, நேரில் ஒரு நகலில் சீல் வாங்குங்கள், தபாலிலும் ஒன்று அனுப்புங்கள். எங்களுக்கு வந்த 43 பக்கங்களில் ஒரு நர்ஸ் குறிப்பில் தலை வந்த நேரம் 3.42, உடல் வந்த நேரம் 3.46 என்று பேனாவால் எழுதியிருந்தது. நாலு நிமிடம் தோள் மாட்டிக் கிடந்ததைக் காட்டிய அந்த ஒரு வரிதான் பிறகு வழக்கைத் தாங்கியது. வந்த தாள்களை வாட்ஸ்அப்பில் படமெடுத்து அனுப்பாதீர்கள், எழுத்து மங்கிவிடும். ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைப்பதே நல்லது.

இப்போது அந்தக் கோப்பை ஊருக்குச் சம்பந்தமில்லாத ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். வக்கீலைப் பார்ப்பது அதற்கப்புறம்தான். அடிபட்ட பிரசவமெல்லாம் கவனக்குறைவு ஆகாது. தோள் மாட்டுவதை முன்கூட்டிக் கணிப்பது கஷ்டம், மாட்டியபின் செய்ய வேண்டியதைச் செய்தார்களா என்பதே கேள்வி. செய்திருந்தார்கள் என்று அவர் சொன்னால், மனசு கேட்காவிட்டாலும் ஒருமுறை யோசியுங்கள்.

போலீசுக்குப் போய்த்தான் தொடங்க வேண்டும் என்று உறவினர்கள் சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். 2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில், கிரிமினல் குற்றமாக வேண்டுமானால் கவனக்குறைவு மிகக் கடுமையாக இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம் சரியான இடம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். எந்த ஆணையம் என்பதை நீங்கள் கேட்கும் தொகை தீர்மானிப்பதில்லை, ஆஸ்பத்திரிக்குக் கட்டிய தொகைதான் தீர்மானிக்கும். அது 50 லட்சம் வரை மாவட்டம், 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. கெடு இரண்டு வருடம். தாமதத்துக்குக் காரணம் காட்டலாம் என்றாலும் அதை நம்பி இருக்காதீர்கள்.

பில்களுக்கு வருவோம். சென்னை எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் 1996-இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு, விழித்திரைப் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. தேசிய நுகர்வோர் ஆணையம் 5 லட்சம் கொடுத்ததை உச்ச நீதிமன்றம் 2015-இல் சுமார் 1 கோடியே 80 லட்சமாக உயர்த்தியது. அதுவரை ஆன மருத்துவச் செலவையும், விலைவாசி ஏற்றத்தோடு இனி ஆகப்போகும் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டார்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச உதவி உண்டு.

பின்சேர்க்கை: கேஸ் ஷீட் கேட்கும் கடிதத்தை அனுப்பப் போனபோது தபால் நிலையத்தில் "பதிவுத் தபால் இப்போது கிடையாது" என்று திருப்பி அனுப்பியதாக இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். 2025-இல் அது ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. "ஸ்பீடு போஸ்ட், பதிவு வசதியோடு, டெலிவரி சான்றும் வேண்டும்" என்று கேளுங்கள். கூரியர் வேண்டாம்.

இன்னொரு அம்மா, அரசு ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள் என்று கேட்டிருந்தார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் இடம் பொதுவாக நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, ஆகவே சிவில் நீதிமன்றமா உயர் நீதிமன்றமா என்பதைச் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீலிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்.