காற்றில் நிற்கும் காங்கேயம் காளை: ஊதும் சிற்பத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலிதீன் ஷீட்டை வெட்டி ஒட்டி, ஃபேன் வைத்து ஊதி, பத்தடிக் காளையை நிறுத்துவதென்றால் என் ஓவிய வகுப்புப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். ஆனால் முதல் தடவை எழுந்து நின்றது காளை அல்ல, வால் முளைத்த தலையணை.

தவறு வரைந்த அளவிலேயே இருந்தது. இரண்டு ஷீட்டின் ஓரங்களைச் சேர்த்து ஊதினால் உருண்டை ஆகும்போது அகலம் குறைந்துவிடும். 30 சென்டிமீட்டர் அகலத்தில் வெட்டிய கால், ஊதியதும் 19 சென்டிமீட்டர் விட்டம்தான் இருக்கும். அதனால் வேண்டிய பருமனைவிட ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரைய வேண்டும். அந்த முதல் காளையின் கால்கள் மெலிந்து உடல் தரையில் உட்கார்ந்துவிட்டது. அப்போது ஒரு மாணவி, "ஏனுங்க சார், ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல ஒரு பட்டை வெச்சு ஒட்டுனா ஆகாதுங்களா?" என்றாள். அவள் அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் மாஸ்டர். பட்டை வைத்ததும் வயிறு வந்தது, திமிலும் நிமிர்ந்தது. கொம்பின் உள்வளைவில் சுருக்கம் விழுந்தபோதும் தையல் வழிதான் கைகொடுத்தது: ஒட்டுக்கு வெளியே மிஞ்சிய ஓரத்தில், கழுத்து வளைவுக்குப் போடுவதுபோல, சின்னச் சின்ன வெட்டு.

ஓரங்களைச் சூட்டில் ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை ஷீட்டின் மேல் நேராக வைக்காதீர்கள். மேலும் கீழும் பட்டர் பேப்பர் வைத்து, குறைந்த சூட்டில் அழுத்தி, ஆறிய பிறகே பேப்பரை உரியுங்கள். முதலில் துண்டு ஷீட்டில் சோதித்துப் பார்த்துவிடுங்கள்.

காற்றுப் புகாமல் அடைத்து, ஃபேனை நிறுத்திவிடலாம் என்று நினைப்பதும் தவறு. ஒட்டில் எப்படியும் கசியும், ஃபேன் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். சட்டைக் கைபோல நீளமான குழாய் ஒன்றை ஒட்டி அதன் வாயில் ஃபேனைக் கட்டுங்கள். ஃபேனின் பின்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

எனக்குப் பெரிய பயம் ஆடிக்காற்றுதான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வந்து உடுமலை, பல்லடம் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றும் காற்று அது. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 6 கிலோ எடை தள்ளுவதற்குச் சமம். காளையின் பக்கவாட்டு 6 சதுர மீட்டர் என்றால் 36 கிலோ. ஒரு வருடம் நான்கு செங்கலை மட்டும் நம்பி மைதானத்தில் நிறுத்தினோம். காளை புரண்டு முள்வேலியில் கிழிந்தது, கயிற்றைப் பிடித்திருந்த பையனின் கை சிராய்த்தது. அதற்கப்புறம் ஆனி முதல் ஆவணி வரை ஹாலுக்குள்தான்.

பிள்ளைகள் உள்ளே நுழைய ஆசைப்படுவார்கள். பெரியவர் ஒருவர் ஃபேன் பக்கத்தில் நிற்காமல் விடக் கூடாது. கரன்ட் போனால் ஷீட் முகத்தில் படிந்து மூச்சடைக்கும். தரை வரைக்கும் அகலமான பிளவு ஒன்றை வாசலாக விடுங்கள், ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் வேண்டாம், கத்தரிக்கோல் அவர் கையிலேயே இருக்கட்டும்.