தயிரில் பாக்டீரியா பார்க்கலாம்: கிராம் சாயமேற்றம், முதல் தடவை செய்பவர்களுக்கு

பாக்டீரியாவைப் பார்க்க நோய்க்கிருமி எதுவும் தேவையில்லை. நேற்று இரவு உறை ஊற்றிய தயிர் போதும். டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட சாய முறையைத்தான் இன்றும் கல்லூரி ஆய்வகங்களில் முதலில் கற்றுத் தருகிறார்கள். நிமோனியாவில் இறந்தவர்களின் நுரையீரலில் கிருமிகளைத் தெளிவாகக் காண அவர் பெர்லினில் உருவாக்கியது அது.

முதலில் ஸ்மியர், அதாவது சிலைடில் மெல்லிய பூச்சு. சுத்தமான சிலைடில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, தயிரின் மேல் தெளிந்து நிற்கும் நீரை லூப்பால் (நுனியில் வளையமுள்ள கம்பி) தொட்டு அதில் கலந்து பரப்புங்கள். அடியில் அச்சிட்ட தாளை வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லியதாக. தானாக உலர்ந்ததும் சுடரின் மேல் மூன்று முறை சட்டென்று காட்டி எடுங்கள். புறங்கை தாங்காத சூடு ஏறினால் செல்கள் உருக்குலையும்.

அடுத்து கிரிஸ்டல் வயலட் என்ற ஊதாச் சாயம், 1 நிமிடம். (விரலில் பட்டால் சில நாள் போகாது.) கழுவிவிட்டு அயோடின் 1 நிமிடம், மறுபடி கழுவல். இரண்டும் சேர்ந்து செல்லுக்குள் பெரிய கூட்டுப்பொருளாகிவிடும். இந்தக் கட்டத்தில் எல்லா பாக்டீரியாவும் ஊதாதான்.

பலரும் கோட்டை விடுவது ஆல்கஹாலில். சிலைடைச் சாய்த்துப் பிடித்து 95% எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பெரும்பாலும் 10–20 வினாடி ஆகும். ஆனால் கடிகாரத்தை நம்பாதீர்கள், வழியும் சொட்டைப் பாருங்கள். நிறமில்லாமல் வழியத் தொடங்கியதும் உடனே தண்ணீர். இப்போதும் ஊதாவை விடாத பாக்டீரியா கிராம் பாசிட்டிவ், இழந்துவிடுவது கிராம் நெகட்டிவ். கிராம் பாசிட்டிவ் செல்லின் தடித்த பெப்டிடோகிளைக்கான் (வலைபோல் பின்னிய பொருள்) சுவர் எத்தனாலில் நீரிழந்து இறுகி, சாயத்தை உள்ளேயே அடைத்துக்கொள்ளும். கிராம் நெகட்டிவில் வெளிச்சவ்வு கரைய, மெல்லிய சுவர் வழியே சாயம் வெளியேறிவிடும். நேரம் கூடினால் பாசிட்டிவும் நிறமிழக்கும். குறைந்தால் நெகட்டிவும் ஊதாவாகவே நிற்கும். அதனால் ஸ்டெஃபைலோகாக்கஸ் (கிராம் பாசிட்டிவ்), ஈ. கோலை (கிராம் நெகட்டிவ்) இரண்டையும் ஆசிரியரிடம் கேட்டு வாங்கி, அதே சிலைடின் இரு ஓரங்களில் வைத்துச் சாயமேற்றுங்கள். முன்னது ஊதா, பின்னது இளஞ்சிவப்பு என்று வந்தால்தான் நடுவிலுள்ள தயிர் சொல்வதை நம்பலாம்.

கடைசியாக, நிறமிழந்த செல்களுக்கு இளஞ்சிவப்பு ஏற்றும் சாஃப்ரனின் சாயம், 1 நிமிடம். கழுவி, ஒற்றி உலர்த்தி, இம்மர்ஷன் ஆயில் ஒரு சொட்டு விட்டு 100எக்ஸ் லென்ஸில் பாருங்கள்.

ஊதா நிறக் கோல்கள் லாக்டோபேசில்லஸாக இருக்கலாம். சங்கிலியாகவோ இணையாகவோ நிற்கும் உருண்டைகள் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை. அவற்றைவிடப் பல மடங்கு பெரிய முட்டை வடிவம் ஈஸ்ட். வடிவமே இல்லாத இளஞ்சிவப்புத் திட்டுகள் பால் புரதம். அதையும் பாக்டீரியா என்று ரெக்கார்டு நோட்டில் வரைந்துவிடாதீர்கள்.