பனாமா கால்வாயில் எங்கே நின்று பார்ப்பது?

பனாமா கால்வாயைக் கப்பலில் கடக்கும்போது, முதல் பூட்டுத் தொகுதியான காத்தூனை முன்தளத்தில் நின்று பாருங்கள். (பூட்டு என்பது இரு முனையிலும் கதவுள்ள, நீரை ஏற்றி இறக்கிக் கப்பலை உயர்த்தவும் தாழ்த்தவும் செய்யும் தொட்டி.) கப்பலை இறக்கும் பூட்டுகளான பெட்ரோ மிகேல், மிராஃப்ளோரஸ் வரும்போது பின்தளத்துக்கு மாறிவிடுங்கள். அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக் போகும் பயணத்துக்கு இந்த வரிசை.

காத்தூனில் மூன்று படிகளாகக் கப்பல் 26 மீட்டர் உயரும். எதிரே கதவுகள் திறப்பதையும் ஏரி விரிவதையும் முன்னாலிருந்துதான் முழுமையாகக் காண முடியும். இறங்கும்போது காட்சி பின்னால் இருக்கிறது: இரட்டைக் கதவுகள் மூடிக்கொள்ள, நாம் தாழத் தாழ, மேல்மட்ட நீரைத் தாங்கி அவை சுவராக எழுந்து நிற்கும். அற்புதமான காட்சி அது! பெரும்பாலோர் முன்னாலேயே முண்டியடிப்பதால் பின்தளத்தில் இடமும் தாராளமாகக் கிடைக்கும்.

நடுவில் ஒருமுறை கீழ்த்தள நடைபாதைக்கும் போய் வாருங்கள். 1914இல் திறந்த பழைய பூட்டுகளின் அகலம் 33.5 மீட்டர்தான். பெரிய கப்பலாக இருந்தால் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். கம்பி வடத்தால் கப்பலை நேராகப் பிடித்துச் செல்லும் ரயில் எஞ்சின்களையும் அருகில் பார்க்கலாம்.

2016இல் திறந்த புதிய பூட்டுகள் வழியே போகும் கப்பல்களுக்கு இது பொருந்தாது. அந்தப் பூட்டுகள் 55 மீட்டர் அகலம். எஞ்சின்களுக்குப் பதில் இழுவைப் படகுகள், கதவுகளும் பக்கவாட்டில் நகர்பவை. எந்தப் பூட்டு என்று டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.