பல்வலியோடு ஓர் இரவு: டாக்டரிடம் போகும்வரை என்ன செய்யலாம்?

பகலெல்லாம் முணுமுணுத்துக்கொண்டிருந்த பல், படுத்ததும் வின்வின்னென்று தெறிக்க ஆரம்பிக்கும். பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாய்களும் இருக்கும் கூழைச் சுற்றி நாலு பக்கமும் கெட்டியான சுவர். கை வீங்கினால் தோல் இடம் கொடுக்கும்; பல்லுக்குள் வீங்க இடமே கிடையாது. தலை தாழும்போது அங்கே ரத்தம் கூடுதலாக ஏறுவதால் நரம்பின் மேல் அழுத்தம் அதிகமாகிறது. அதனால் தலைக்கு இன்னொரு தலையணை வையுங்கள். முடிந்தால் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குங்கள். செலவில்லாத வைத்தியம், பலரும் செய்யாததும் இதுதான்.

மாத்திரையைத் தேடுவதற்கு முன் பல் இடுக்கைப் பாருங்கள். இரண்டு கடைவாய்ப் பற்களுக்கு நடுவே சிக்கிய சின்ன இறைச்சி நாரோ பழத்தோலோ ஈறை அழுத்தினால், வலி அசல் சொத்தை வலி போலவே இருக்கும். வெதுவெதுப்பான நீரில் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, பல் இடுக்கு நூலை (டென்டல் ஃபிளாஸ்) முன்னும் பின்னுமாக அசைத்து மெல்ல இறக்குங்கள். ஒரு பல்லின் பக்கவாட்டில் வளைத்து, ஈறுப் பக்கத்திலிருந்து பல்லின் நுனியை நோக்கி வழித்து எடுங்கள். பிறகு பக்கத்துப் பல்லிலும் அப்படியே. 'டக்'கென்று அழுத்தி இறக்கினால் ஈறு வெட்டுப்படும். குண்டூசி, ஹேர்பின் வேண்டவே வேண்டாம்: துணுக்கு இன்னும் ஆழமாகப் போகும், ஈறும் புண்ணாகும்.

அதன் பிறகு உப்பு நீர். ஒரு டம்ளர் (சுமார் 240 மி.லி.) வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பைக் கரைத்து, 30 விநாடி வாயில் சுழற்றித் துப்புங்கள். ஈறு வீக்கத்துக்கு நல்லது. பல்லுக்குள் இருக்கும் வீக்கத்தை இது தொடாது, அதனால் வலி போகவில்லையே என்று உப்பைக் கூட்டிப் பயனில்லை.

உண்மையில் வேலை செய்வது மாத்திரைதான். பெரியவர்களுக்கு, சாப்பிட்ட பிறகு இபுபுரூஃபன் 400 மி.கி.யுடன் பாராசிட்டமால் 500 மி.கி. சேர்த்து எடுக்கலாம். ஒன்று வீக்கத்தைக் குறைக்கும், மற்றது வேறு வழியில் வலியைத் தணிக்கும். தனித்தனியாக எடுப்பதைவிடச் சேர்த்து எடுத்தால் நன்றாகக் கேட்கும். அடுத்த வேளைக்கு 6 முதல் 8 மணி நேரம் இடைவெளி விடுங்கள். டாக்டர் சொல்லாமல் ஒரு நாளில் இபுபுரூஃபன் 1200 மி.கி.யைத் தாண்டக் கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், வலி மாத்திரையால் ஆஸ்துமா கிளம்புகிறவர்கள், கர்ப்பிணிகள் இபுபுரூஃபனைத் தவிர்க்க வேண்டும். குழந்தைகளுக்கு அளவு எடையைப் பொறுத்தது, கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் இருக்கும். அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் இரண்டையும் விழுங்கினால் கல்லீரலுக்கு ஆபத்து.

ஆஸ்பிரினைப் பொடித்து ஈறில் அப்புவார்கள். அது அமிலம். வைத்த இடம் வெளுத்து, தோல் உரிந்து, பல்வலியோடு வாய்ப்புண்ணும் சேர்ந்துகொள்ளும்.

கிராம்பு எண்ணெயில் உள்ள யூஜெனால் நரம்பை மரத்துப்போக வைக்கும்; பல் டாக்டர்களின் தற்காலிக அடைப்பு மருந்திலும் அது உண்டு. ஆனால் எண்ணெயை அப்படியே ஊற்றினால் ஈறு வெந்துவிடும். அரை டீஸ்பூன் சமையல் எண்ணெயில் 2 சொட்டு கலந்து, பயறளவு பஞ்சை நனைத்துப் பிழிந்து, சொத்தைக் குழிக்குள் மட்டும் படும்படி சில நிமிடம் வைத்து எடுத்துவிடுங்கள். பஞ்சோடு தூங்கக் கூடாது. சிறு குழந்தைகளுக்கு இது வேண்டாம்.

கன்னம் வீங்கியிருந்தால் ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி வெளிப்பக்கம் 15 நிமிடம் ஒற்றி எடுங்கள். சூடான ஒத்தடம் வேண்டாம், அந்த இடத்துக்கு ரத்தத்தை இழுத்து வீக்கத்தைக் கூட்டும். வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம்; நரம்பு வீங்கிய வலிக்கு அதனால் பயனில்லை.

தாடைக்கு அடியிலோ நாக்குக்குக் கீழோ வீக்கம், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வாய் திறக்க முடியாமை, கண்வரை ஏறும் வீக்கம், காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். கீழ்த்தாடை வலியோடு நெஞ்சில் இறுக்கமும் வியர்வையும் சேர்ந்தால் அது பல்லல்ல, இதயமாக இருக்கலாம்.

சில்லென்று பட்டதும் சுரீரென்று கூசி உடனே அடங்கினால் நரம்பைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அரை நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, சூடு பட்டால் கிளம்பிக் குளிர்ந்த நீரில் அடங்கினாலோ நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். பல நாள் வலி திடீரென்று நின்றால் நரம்பு செத்திருக்கலாம். கிருமி வேருக்குள் தன் வேலையைத் தொடரும், பார்க்கப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று எழுதிக்கொண்டு போங்கள்: வலி மரத்திருக்கும்போது தட்டிப் பார்த்தாலும் குளிர் வைத்துப் பார்த்தாலும் எந்தப் பல் என்று டாக்டருக்குப் பிடிபடாமல் போகலாம்.