மதுரை மொட்டை மாடியிலிருந்து வியாழனின் நிறையைக் கணக்கிடுவது எப்படி?

வியாழனின் நான்கு பெரிய நிலவுகளுள் வெளிக்கோடியில் சுற்றும் கலிஸ்டோவை மூன்று வாரங்கள் தொடர்ந்து கவனித்து வரைந்து வந்தால், அந்த வரைபடங்களிலிருந்தே வியாழனின் நிறையைக் கணக்கிட்டுவிடலாம். இதற்கு 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி, அசையாத முக்காலி, ஒரு குறிப்பேடு, வரைபடத்தாள் ஆகியவை போதும். கலீலியோ 1610 ஜனவரியில் இந்நிலவுகளைக் கண்டறிந்தபோது அவர் கையிலிருந்த கருவி, இன்று நாம் வாங்கும் எளிய தொலைநோக்கியைவிடத் தரம் குறைந்தது.

மதுரை ஏறத்தாழ 10 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், எந்த ஆண்டாயினும் வியாழன் இங்கே 55 பாகைக்கு மேல் ஏறி உச்சி வானை நெருங்குகிறது. ஐரோப்பாவில் பலருக்குக் கிட்டாத வசதி இது. கோரிப்பாளையத்துத் தெருவிளக்குகள்கூட வியாழனை மறைத்துவிட முடியாது. இங்கே நமக்கு உண்மையான இடையூறு வெப்பமே. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த மொட்டை மாடித் தளம் இரவு பத்து மணிவரை அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். அந்தக் காற்றின் வழியே பார்த்தால் வியாழன் கொதிக்கும் நீருக்கடியில் கிடக்கும் காசுபோல நெளியும். ஆகவே பத்து மணிக்குப் பின் பாருங்கள், அல்லது நாகமலை, சமணமலை அடிவாரங்களில் மண்தரையுள்ள இடமாகத் தேர்ந்தெடுங்கள். வியாழன் சூரியனுக்கு நேரெதிரே வந்து இரவு முழுவதும் தெரியும் காலம் ஏறத்தாழ 13 மாதங்களுக்கு ஒருமுறை வரும். அது ஐப்பசி, கார்த்திகை மழையில் அமைந்துவிட்டால், தை பிறக்கும்வரை பொறுத்து, முன்னிரவிலேயே தொடங்கலாம்.

முதலில் திசையை அறிய வேண்டும். தொலைநோக்கியை அசைக்காமல் விட்டுவிட்டால் வியாழன் காட்சிப் புலத்தில் மெல்ல நகரும். அது நகரும் பக்கமே மேற்கு. கருவி படத்தை இடவலமாகத் திருப்பிக் காட்டினாலும் இந்த விதி மாறாது. பிறகு ஐம்பது மடங்கு உருப்பெருக்கத்தில், வியாழனின் விட்டத்தையே அளவுகோலாகக் கொண்டு, புள்ளியாகத் தெரியும் ஒவ்வொரு நிலவும் வியாழனின் மையத்திலிருந்து எத்தனை விட்டத் தொலைவில், எந்தப் பக்கம் இருக்கிறது என்று மதிப்பிட்டு வரையுங்கள். தேதி, நேரம், வானத்தின் நிலை ஆகியவற்றை அப்போதே எழுதிவிட வேண்டும். கைபேசிச் செயலியை வரைந்து முடித்த பின்னரே திறக்க வேண்டும் என்பதில் நான் மிகவும் கண்டிப்பானவன். விடையை முன்பே பார்த்த கண், புள்ளியைத் தன்னையறியாமல் நகர்த்தி வைத்துவிடும்.

நான்கும் ஒரே கோட்டில் ஒரே மாதிரி தெரிகையில் கலிஸ்டோவைப் பிரித்தறிவது எப்படி? கலிஸ்டோவுக்கு அடுத்து உட்புறமாகச் சுற்றும் நிலவான கானிமீடு 7.5 விட்டத்துக்கு மேல் விலகுவதில்லை. எனவே 8 விட்டத்துக்கு அப்பால் ஒரு புள்ளி தெரிந்தால் அது கலிஸ்டோவே. அந்த இரவிலிருந்து முன்னும் பின்னும் அதன் போக்கைத் தொடரலாம். இடையில் சில இரவுகள் மேகமூட்டத்தால் தவறினாலும் பத்துப் பன்னிரண்டு புள்ளிகள் இருந்தால் போதும்.

கிடை அச்சில் நாள்களையும், செங்குத்து அச்சில் தொலைவையும் குறித்து, கிழக்கை மேலும் மேற்கைக் கீழுமாக வைத்துப் புள்ளிகளை இணைத்தால் அலைபோன்ற வளைவு கிடைக்கும். ஒரு முழு அலையின் நீளமே சுற்றுக்காலம், அது 16.7 நாள்களை ஒட்டி வர வேண்டும். அலையின் உச்சி சுமார் 13.2 விட்டம். வியாழனின் விட்டம் 1,43,000 கிலோமீட்டர் ஆதலால், சுற்றுப்பாதையின் ஆரம் ஏறத்தாழ 18.9 லட்சம் கிலோமீட்டர் ஆகிறது.

இனி நம் நிலவோடு ஒப்பிட வேண்டும். நிலவின் தொலைவின் முப்படியைச் சுற்றுக்காலத்தின் இருபடியால் வகுத்தால் வருவது, அது சுற்றும் கோளின் நிறைக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே இரு நிலவுகளின் விகிதங்களிலிருந்தே வியாழன் பூமியைப்போல் எத்தனை மடங்கு நிறையுடையது என்று தெரிந்துவிடும். நம் நிலவின் தொலைவு 3,84,400 கிலோமீட்டர், சுற்றுக்காலம் 27.3 நாள்கள். கலிஸ்டோவின் தொலைவு இதைப்போல் 4.91 மடங்கு, அதன் முப்படி ஏறத்தாழ 118. சுற்றுக்கால விகிதம் 0.61, அதன் இருபடி 0.373. முன்னதைப் பின்னதால் வகுத்தால் சுமார் 317 வருகிறது. வியாழன் பூமியைப்போல் 318 மடங்கு நிறையுடையது என்பது விண்கலங்கள் உறுதிசெய்த மதிப்பு.

உங்கள் விடை 270 என்றோ 370 என்றோ வந்தால் மனந்தளர வேண்டாம். தொலைவு முப்படியாக வருவதால், அதில் நேரும் 5 விழுக்காட்டுப் பிழை விடையில் 15 விழுக்காடாகப் பெருகும். ஆகவே அலையின் உச்சியை ஒட்டிய இரவுகளில் இருமுறை அளந்து சராசரி எடுங்கள். பின்னர் அதே குறிப்பேட்டிலிருந்து கானிமீடின் அலையையும் வரைந்து, 7.15 நாள் சுற்றுக்காலத்தோடு கணக்கிட்டு, இரண்டு விடைகளும் எவ்வளவு நெருங்கி வருகின்றன என்று பாருங்கள்.